கேட்காரரின் காடு

காட்டு வாசல் கேட்டில் ஆயுசில் பாதியைக் காவலிலேயே கழித்தவரை எல்லோரும் கேட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். காட்டில் அவருக்குச் சொந்தமாக ஒரு சுள்ளி கிடையாது. ஆனால் மனிதர் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே! விறகு பொறுக்க வரும் பெண்கள் "அண்ணே, அண்ணே" என்று குழைவார்கள். இவர் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டுத்தான் திறப்பார்.

ஓய்வு பெற்றார், அந்த மவுசும் போயிற்று. அது போனால் போகட்டும், அவரை அரித்தது வேறு. காட்டுக்குள் ஒரு குளம் உண்டு. விறகு பொறுக்க வந்த ஒருத்தி அதில் முகம் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் மனசைப் பறிகொடுத்து, அவளையே கட்டிக்கொண்டார். இப்போது அவளும் இல்லை. கண்ணில் புரை வேறு. பார்வை முழுசாக மங்குவதற்குள் அந்தத் தண்ணீரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். ஏக்கம் என்றால் அப்படி ஓர் ஏக்கம்.

வாசலில் போய்க் கேட்டபோது, புதுக் காவலாளி மரியாதைக்குக் குறை வைக்கவில்லை. "உங்களுக்கு இல்லாததா ஐயா? ஆனா கேமரா வெச்சிட்டாங்களே. என் பொழப்புல மண்ணைப் போட்டுடாதீங்க."

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

மறுநாள் அவர் மனைவியின் தங்கை, தன் வீட்டில் குடியிருந்த ஆராய்ச்சிக்காரப் பெண்ணைக் கூட்டி வந்தாள். அந்தப் பெண் கேட்டாள்: "காடு யாருக்குச் சொந்தம்னு கேக்கல ஐயா. அது காகிதத்துல இருக்கு. காட்டால யாருக்குப் பலன் கிடைக்குது, யார் வழியா கிடைக்குது? அதைத்தான் படிக்கிறோம்."

கேட்காரருக்கு உயிர் வந்துவிட்டது. "யார் வழியாவா? என் வழியாத்தான். நான் மனசு வெச்சாத்தான் விறகு பொறுக்குற பொண்ணுங்க உள்ள கால் வைக்க முடியும்."

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். "போங்க அத்தான்! செங்கல் சூளைக்குப் பின்னாடி வேலியில ஓட்டை இருக்கு. உள்ள போறதுக்கு உங்க தயவு எதுக்கு? தலைச்சுமையோட அதுல வெளிய வர முடியாது. அதுக்குத்தான் எல்லாரும் அண்ணே, அண்ணேன்னாங்க."

அவர் முகம் செத்துப்போயிற்று. கேட்டார்: "உங்க அக்காவுக்குத் தெரியுமா?"

"அந்த ஓட்டையை எங்களுக்குக் காட்டினதே அக்காதான். கல்யாணத்துக்கு அப்புறமும் குளத்துக்குப் போவா. சும்மா உக்காந்துட்டு வருவா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சொன்னா ஓட்டையை அடைச்சிருப்பீங்க."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் அடைத்திருப்பார், சத்தியமாக அடைத்திருப்பார். பக்கத்திலேயே படுத்து எழுந்தவள், தனக்குப் பயந்து ஒரு குளத்தை ஒளித்து வைத்திருந்தாளே என்று நினைக்க நினைக்க நெஞ்சு வெந்தது.

"கூட்டிட்டுப் போறியாம்மா?" என்றார் தங்கையிடம். இந்த மனிதர் வாழ்நாளில் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

அன்று சாயங்காலமே அவள் கம்பியைத் தூக்கிப் பிடிக்க, இவர் மண்ணில் தவழ்ந்து உள்ளே போனார். சட்டை கிழிந்தது. குளம் அவர் கண்ணுக்கு ஒரு வெளிச்சமாக மட்டுமே தெரிந்தது. அதுவே போதுமாக இருந்தது. கரையில் தட்டுப்பட்ட பாறையில் பெருமூச்சோடு உட்கார்ந்தார்.

"அத்தான், கொஞ்சம் தள்ளி உக்காருங்க," என்றாள் தங்கை. "அது அக்கா இடம்."

கேட்காரர் மறுபேச்சுப் பேசாமல் தள்ளி உட்கார்ந்தார்.