குத்தூஸ் நானா சொல்ல மறுத்த வசனம்

ஓதித் தரச் சொல்லிச் சனம் கொண்டுவரும் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்ததும் குத்தூஸ் நானா முதலில் அதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்ப்பார். சோடாப் போத்தல் என்றால் சரி. சாராயப் போத்தலைக் கழுவிக் கொண்டுவந்திருந்தால் அதை வந்தவரின் மடியிலேயே திருப்பி வைத்துவிட்டு, தையல் மெசினுக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கும் தன் போத்தல்களில் ஒன்றை எடுத்துத் தண்ணீர் நிரப்புவார். "எத்தினை தரம் கழுவினாலும் போகாது பிள்ளை. உங்கட மனுசனிட்டச் சொல்லுங்கோ, குத்தூஸ் மணந்து பிடிச்சிட்டார் எண்டு." பிறகு கண்களை மூடுவார். கழுத்தில் அளவு நாடா தொங்கியபடி இருக்கும். உதடு மட்டும் அசையும். ஓதி முடித்துப் போத்தலுக்குள் மெல்ல ஊதுவார்.

நயினாதீவில் பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் அவருடைய வீடு. முன் அறைதான் தையல் கடை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகள் கொடியில் வரிசையாகத் தொங்கும். தையலை அவர் புத்தளத்தில் இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் பழகினார். ஓதிப் பார்ப்பது வாப்பாவிடமிருந்து வந்தது. குழந்தை காரணமில்லாமல் வீரிட்டு அழுதாலும், குமர்ப்பிள்ளை ஒன்று பயந்து படுத்தாலும், சைவம், கிறிஸ்தவம், இஸ்லாம் என்ற கணக்கில்லாமல் சனம் அவரிடம்தான் வரும். பேரனைத் தூக்கிக்கொண்டு வரும் அன்னப்பிள்ளை சொல்வது இது: "கோயில்ல விபூதி போட்டாச்சு. நானாட்டையும் ஊதியாச்சு. இனியும் அழுதால் பல்லு முளைக்குது எண்டுதான் அர்த்தம்."

அவருக்கு ஒரு வினோதப் பழக்கம் உண்டு. பேய்ப் படம் பார்ப்பார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, கைபேசியை மூக்கில் முட்டும்படி வைத்துக்கொண்டு பார்ப்பார். பயம் மருந்துக்கும் இல்லை. வெறும் நக்கல்தான். "ஜின்னுக்கு வேற வேலை இல்லையே, ஒரு கதவைத் திறந்து திறந்து சாத்திக்கொண்டிருக்க?"

இந்தப் பழக்கம் ஊரில் தெரிந்ததால்தான் அமலதாஸ் அவரைத் தேடி வந்தான். நாரந்தனைப் பொடியன், யாழ்ப்பாணத்தில் படப்பிடிப்புப் படித்தவன். "பேய்ப் படம் எல்லாரும் எடுத்திட்டாங்கள் நானா. ஜின் படம் எங்கட பக்கத்தில ஒருத்தரும் எடுக்கேல்லை." கதை சின்னது. ஒரு பெண்ணுக்கு ஜின் பிடிக்கிறது. டொக்டர் அதை நோய் என்கிறார். ஓதிப் பார்க்கிற ஹஸ்ரத், ஜின் என்கிறார். கடைசியில் ஹஸ்ரத் வெல்கிறார். அந்த ஹஸ்ரத்தாகக் குத்தூஸ் நானா நடிக்க வேண்டும். கேட்டதும் அவருக்கு முகம் பூரித்துவிட்டது. வெள்ளை ஜுப்பாவைத் தானே தைத்தார். கழுத்துப் பட்டி சரியில்லை என்று பிரித்து மறுபடியும் தைத்தார்.

படப்பிடிப்பு அவருடைய தங்கை சுபைதாவின் வீட்டில் நடந்தது. அங்கேதான் பெரிய கூடம் இருக்கிறது. பட்டப்பகலில் யன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடித்து இருட்டாக்கினார்கள். ஜின் பிடித்த பெண்ணாக நடிக்க வந்தவள் ஊர்காவற்றுறை ஜொய்சி. செபமாலையைக் கழற்ற மனமில்லாமல் முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டு பாயில் படுத்தாள்.

"நானா, நீங்கள் ஓதேக்க எனக்கு உண்மையாவே பிடிச்சிட்டால்?"

"உமக்குப் பிடிச்சால் அந்த ஜின்தான் பாவம்."

வாசலில் கூடி நின்ற சனம் சிரித்தது. ஆனால் படம் தொடங்கியதும் அவர் சிரிக்கவில்லை. போய் முகம் கை கால் கழுவி உளூச் செய்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "சும்மா வாயை அசைச்சால் காணும் நானா" என்று அமலதாஸ் சொன்னதற்கு, "நடிப்புக்கு ஓத ஏலாது தம்பி. வாய் திறந்தால் அது ஓதுறதுதான்" என்றார். அவர் ஓதியபோது ஜொய்சியின் கைமயிர் சிலிர்த்ததைக் கமரா பிடித்தது. அமலதாஸுக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

அடுத்தது வசனம். பெண்ணின் தலைமாட்டில் இருக்கும் மருந்துக் குளிசை அட்டையை எடுத்து எறிந்துவிட்டு, ஹஸ்ரத் தாயிடம் சொல்ல வேண்டும்: "இனி இந்தக் குளிசை வேண்டாம். நான் ஓதின தண்ணி காணும்."

குத்தூஸ் நானா அட்டையைக் கையில் எடுத்தார். எறியவில்லை.

அந்த வசனத்தை அவர் முன்பே ஒருமுறை சொல்லியிருக்கிறார். இதே கூடத்தில், இதே தங்கையிடம். சுபைதாவின் மகள் ரிஸ்லா அப்போது பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு. வலிப்பு என்று யாழ்ப்பாணத்தில் டொக்டர் குளிசை கொடுத்திருந்தார். பிள்ளை நாள் முழுக்கத் தூங்கி வழிகிறதைக் கண்டு, மருந்துதான் பிள்ளையைக் கெடுக்கிறது, இது ஜின்னின் சேட்டை என்று அவர் முடிவுகட்டினார். சுபைதா குளிசையை நிறுத்தினாள். சில நாள் பிள்ளை கலகலப்பாக ஓடித் திரிந்தது. பிறகு ஒரு காலையில் வலிப்பு வந்தது, நிற்கவேயில்லை. கடல் அடித்துக்கொண்டிருந்த நேரம். வள்ளம் கிடைத்து, குறிகட்டுவான் துறைக்குப் போய், அங்கிருந்து யாழ்ப்பாணம் சேர மத்தியானமாகிவிட்டது. உயிர் தப்பியது. இடது கை திரும்பி வரவில்லை.

வார்ட்டில் டொக்டர் கேட்டார்: "ஆர் குளிசையை நிப்பாட்டச் சொன்னது?"

"ஒருத்தரும் இல்லை. நான்தான் நிப்பாட்டினனான்" என்றாள் சுபைதா. படித்த மனுசர் வாய்க்கு வந்தபடி பேசினார். பெற்ற தாயா நீ என்றுகூடக் கேட்டார். அவள் குனிந்து நின்றாள். பக்கத்தில் சாப்பாட்டுப் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற குத்தூஸ் நானா வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு குளிசை ஒருநாளும் தவறவில்லை. ஆனாலும் சுபைதாவுக்கு அன்று வந்தது ஜின்தான். கையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டது, உயிரைக் காத்தது நானாவின் ஓதல். இதை அவள் ஊரெல்லாம் சொல்வாள். அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. ஒரு நோன்பு காலத்தில் பள்ளிக்கு வந்த மௌலவி, மருந்து எடுப்பதும் அல்லாஹ் காட்டிய வழிதான் என்று பயான் செய்தார். குத்தூஸ் நானா கடைசி வரிசையில் இருந்து பாயின் கோரையை நுள்ளிக்கொண்டிருந்தார்.

"என்ன நானா, மறந்திட்டியளே?" அமலதாஸ் கேட்டான்.

"மறக்கேல்லை. இந்தச் சொல்லு என்ர வாயால வேண்டாம் தம்பி."

"படம்தானே நானா. டொக்டர் வெண்டால் சனம் ஏன் பாக்கும்?"

"ஹஸ்ரத்தே வெல்லட்டும். எனக்கென்ன? குளிசையை மட்டும் எறியேலாது."

"அப்ப வேற ஆளின்ர குரலைப் போடட்டே?"

"வாய் என்ர வாய்தானே அசையும்."

வாசலில் நின்ற சுபைதாவுக்குப் பொறுக்கவில்லை. நானாவுக்குக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டாள். "சொல்லுங்கோவன் நானா. அண்டைக்கு எங்களுக்குச் சொன்னனீங்கள்தானே, அதே மாதிரி" என்றாள். படம் எடுக்க வந்தவர்களைப் பார்த்துப் பெருமையோடு, "நானா இல்லாட்டி என்ர பிள்ளை இண்டைக்கு இல்லை" என்றாள். ரிஸ்லா தாயின் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். குமராகிவிட்டாள். இடது கை மடங்கி நெஞ்சோடு கிடந்தது.

குத்தூஸ் நானா அட்டையைப் பாயில் வைத்தார்.

"சுபைதா, அண்டைக்கு வந்தது ஜின் இல்லை. வலிப்பு வருத்தம்தான். குளிசையை நிப்பாட்டாமல் இருந்திருந்தால் கைக்கு ஒண்டும் வந்திராது. நான் சொன்னது பிழை."

யன்னல் துணி ஒன்று கழன்று வெயில் உள்ளே விழுந்தது. ஒருவரும் அதைச் சரிசெய்யப் போகவில்லை.

"எப்ப தெரியும்?" என்றாள் சுபைதா.

"அண்டைக்கே. டொக்டர் உன்னை ஏசேக்கையே விளங்கிட்டுது."

"அப்ப ஏன் நானா அவர் என்னை ஏசப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்?"

அவள் மகளின் நல்ல கையைப் பிடித்துக் குசினிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

அமலதாஸ் நல்ல பொடியன். கோபிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் வேறொருவரை வைத்துப் படத்தை முடித்தான். அந்த வசனம் அப்படியே இருக்கிறது. குளிசை அட்டை பறந்து போய்ச் சுவரில் விழும் இடத்தில் சனம் கைதட்டுகிறதாம். குத்தூஸ் நானா அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. எந்தப் பேய்ப் படமும் இப்போது பார்ப்பதில்லை. இன்னும் ஓதுகிறார். ஆனால் போத்தலைக் கையில் வாங்குமுன், "டொக்டரிட்டக் காட்டினனீங்களோ? என்ன குளிசை போடுறியள்?" என்று கேட்கிறார். அன்னப்பிள்ளைக்கு இது பிடிக்கவில்லை. "டொக்டரும் கேள்வி, நானாவும் கேள்வி எண்டால் நான் எங்க போறது?" என்கிறாள். முந்திய அளவு சனம் வருவதில்லை.

சுபைதா வருவதேயில்லை.

பெருநாள் நெருங்குகிறது. வருசா வருசம் ரிஸ்லாவின் சட்டைத் துணியைச் சுபைதாதான் கொண்டுவந்து தருவாள். முதுகில் சிப் வைத்துத் தைத்துக் கொடுப்பார். தாய்தான் இழுத்துப் பூட்டிவிடுவாள். இந்த முறை துணி வரவில்லை. அவரே பச்சைத் துணி வாங்கி, படப்பிடிப்பன்று தாயின் பின்னால் நின்று எட்டிப் பார்த்த ரிஸ்லாவின் உயரத்தை மனதில் வைத்து வெட்டினார். அவளே பூட்டும்படி திறப்பை முன்பக்கம் வைத்தார். அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் அமத்துப் பொத்தான்கள் தைத்தார். பிறகு சட்டையை மடியில் விரித்து, இடது கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் இருந்துகொண்டு, வலது கையால் மட்டும் பூட்டிப் பார்த்தார். முதல் பொத்தான் வழுக்கியது. இன்னொருமுறை முயன்றார். துணி விலகிப் போனது. வேறு வகை வைக்கவென்று சவரப் பிளேட்டை எடுத்துப் பொத்தான்களை ஒவ்வொன்றாக வெட்டிக் கழற்றினார். இடது கையை வெளியே எடுக்கவில்லை.