மிச்சம் பிடித்த சீவல்கள்

டைமரில் இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது. அதற்குள் மூன்று தடவை எழுந்து போய் அந்தக் கண்ணாடித் தகட்டைப் பார்த்துவிட்டேன். எப்போதும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்பவள் நான். அன்று சுத்தமாக இருப்புக் கொள்ளவில்லை.

"உக்காரு லா. நீ நடக்கிறதப் பாத்தா எனக்கே தல சுத்துது," என்றார் அக்கா. எங்கள் ஆய்வுக்கூடத்தில் எனக்கு மூத்தவர். பாலத்தில் ஜாம் ஆவதற்குள் கெப்பாலா பத்தாஸிலுள்ள வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டியவர், எனக்காக உட்கார்ந்திருந்தார்.

இரண்டு வருடமாக ஆன்டிபாடி எனும் எதிர்ப்புப் புரதம் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தோம். ஓர் அரிய புற்றுநோயின் உயிரணுக்களை மட்டும் அது தேடிப் பிடித்து ஒட்ட வேண்டும். ஒட்டிய இடத்தில் சாயம் பழுப்பாகும். சோதித்துப் பார்க்க, யாரோ ஒரு நோயாளி ஆராய்ச்சிக்கென்று கொடுத்த கட்டியை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி வைத்திருந்தோம். வேறு கட்டி கிடைக்கவில்லை.

ஒவ்வொரு சோதனையிலும் ஒரு சீவலுக்கு ஆன்டிபாடி போடாமல் விட வேண்டும். அது பழுப்பாகக் கூடாது; ஆனால் மற்றவற்றின் பழுப்பையும் நம்ப முடியாது. முதல் நாளே சொல்லித் தரும் பாடம். முதல் தடவை வைத்தேன், பழுப்பாகவில்லை. பிறகு, கிடைக்காத சீவலை வீணாக்குவானேன் என்று விட்டுவிட்டேன். பெரிய சிக்கனக்காரி! சீவல்களை எடுத்த படங்களெல்லாம் அழகான பழுப்பு. மறுநாள் மருத்துவர்கள் பார்க்க வருவதாக இருந்தது.

அன்று மதியம்தான் அக்கா படங்களைப் பார்த்துவிட்டு, "வெறும் சீவல் எங்கமா?" என்றார்.

"மொத தடவ வெச்சேன்கா."

"அதுக்கப்பறம்?"

எனக்குச் சுருக்கென்றது. மிச்சமிருந்தது ஒரே ஒரு சீவல். ஆன்டிபாடி போடாமல் அதைத்தான் இப்போது கண்ணாடித் தகட்டில் வைத்திருந்தேன்.

டைமர் அடித்ததும் சாயத்தை விட்டேன். எதுவுமே போடாத சீவல் என் கண்ணெதிரே பழுப்பானது. அக்கா அலமாரியிலிருந்து ஒரு புட்டியை எடுத்தார். சதை தானாகவே சாயத்தைப் பழுப்பாக்காமல் முன்கூட்டியே அடக்கும் திரவம் அது. மூடி தொளதொளவென்று ஆடியது. அவசரத்தில் சரியாக மூடாதது நான்தான். வீரியம் எப்போது போனதோ.

"ஆன்டிபாடி கெட்டதுன்னு அர்த்தமில்லமா."

"நல்லதுன்னும் இல்லயேக்கா."

மெழுகுக் கட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். சதை ஒரு துளிகூட இல்லை, வெறும் மெழுகு. ஒரு சீவலை மிச்சம் பிடிக்கப் போய், ஒரு மனிதர் நம்பிக் கொடுத்ததை முழுக்கத் தீர்த்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

எங்கள் ஆய்வுக்கூடத் தலைவருக்கு போன் செய்தேன். "நாளைக்கு அவங்கள வரச் சொல்லாதீங்க டாக்டர்," என்றேன். "காட்ட ஒண்ணுமில்ல. இன்னொரு நோயாளிகிட்டதான் கட்டி கேக்கணும்."