ரேடியேட்டரில் ஒரு குவளை ரப்பர் பால்

தங்கராசு அண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் லோபாக் கடைத்தெருவில், ஆவி கக்கிக்கொண்டு நின்ற ஒரு காருக்கு முன்னால் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். கார் என் மருமகனுடையது. "இஞ்சினைப் பத்தி எனக்குச் சொல்லாதீங்க. நான் டிரைவர் தங்கராசுகிட்ட கிளிண்டானா, கையாளா இருந்தவன்" என்று கூடியிருந்தவர்களிடம் சொல்லிவிட்டு, பெல்ட்டை அழுத்தி, பிளக்கைத் தட்டி, அரைமணி நேரம் வித்தை காட்டினேன். எதிர்க்கடைச் சீனர் வந்தார். மூடியின்மேல் துணியைப் போட்டுத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "ஆயர் தாடா லா, அங்கிள்" என்றார். தண்ணீரே இல்லை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் என் மகள் செல்வி மூச்சிரைக்க வந்து நின்றாள். "அப்பா, லுக்குட்டுலருந்து போன் வந்துச்சு. பெரியப்பா போயிட்டாராம்."

பதினாறாம் நாளுக்கு அச்சடிக்கும் மலரில் நான் இரண்டு பக்கம் எழுத வேண்டும் என்று அண்ணனின் மகன் கேட்டுக்கொண்டார். நான் நான்காம் வகுப்புவரை படித்தவன். அந்த வகுப்பை மட்டும் இரண்டு முறை படித்தேன் என்பதால் ஐந்து வரை என்றும் வைத்துக்கொள்ளலாம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லுக்குட் பட்டறையில் வண்டி விட்டவர்களுக்கு அவருடைய வழக்கம் தெரியும். கொதித்த வண்டியோடு யார் வந்தாலும் அவர் உடனே தொடமாட்டார். பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு, பலகையில் உட்கார்ந்து சுருட்டைப் பற்றவைப்பார். சூடு தணிந்த பிறகு தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பார். அடுத்தது பெல்ட். கடைசியாக ஒரு கையை மேல் குழாயிலும் ஒரு கையை அடிக் குழாயிலும் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "மேல நெருப்பு, கீழ சில்லுனு இருந்தா நடுவுல அடைச்சிருக்கு. வண்டி பொய் பேசாது, மனுசந்தான் பேசுவான்" என்பார். அவசரப்படுத்தினால் ஒரே பதில்தான்: "மெதுவாப் பாப்போம். யாருக்கும் ஒண்ணும் அவசரமில்ல." இதற்காக அவரைத் திட்டியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அந்தச் சொல் அவருடையது அல்ல. அது யாருடையது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் காலத்தில் நாங்கள் இருவரும் லிங்கிப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தோம். துரை ஓடிப்போனபோது விட்டுச்சென்ற பழைய பிக்கப் லோரி ஒன்று இருந்தது. அதன் டிரைவர் தங்கராசு அண்ணன். ரேடியேட்டரின் அடித்தையலில் ஓர் ஒழுக்கு. ஈயம் வைத்து அடைக்க ஈயம் கிடையாது. அதனால் தகர டின்னில் தண்ணீரோடு பின்னால் உட்கார்ந்து, வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் ஊற்ற ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் நான். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டி வேலை என்று சிரித்திருப்பார்கள். அந்தக் காலத்தில் அதுவே எனக்கு உயிர் கொடுத்த உத்தியோகம்.

சயாமில் ரயில் பாதை போடுவதற்கு எங்கள் லயத்திலிருந்து பதினான்கு பேரை அனுப்பச் சொல்லி ஜப்பான்காரனின் உத்தரவு வந்தது. சிரம்பான் ஸ்டேஷன் வரை அவர்களை எங்கள் லோரியில்தான் கொண்டுபோக வேண்டும். தோட்டத்துக் கணக்கரான கிராணி வாசித்த பட்டியலில் ஒன்பதாவது பெயர் என்னுடையது. செல்வி பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. தங்கராசு அண்ணன் கிராணியின் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, மாரிமுத்து இல்லாம வண்டி சிரம்பான் போய்ச் சேராது. வழியில வெந்து நின்னுச்சுன்னா ஜப்பான்காரன் உங்களத்தான் கேப்பான்."

கிராணி என் பெயரை அடித்தார். எண்ணிக்கை குறையக்கூடாது அல்லவா? அடித்த இடத்தில் பக்கத்து வீட்டுப் பெருமாளின் பெயர் ஏறியது. கல்யாணமாகாதவன். யாரையும் சிரிக்க வைப்பான். அன்று மாலை என் வீட்டு வாசலில் வந்து நின்று, "என்னா மாரி, எனக்கு ஓசியில ரயில் டிக்கட் வாங்கிக் குடுத்துட்ட போல" என்றான். என் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அதிகாலையில் புறப்பாடு. முந்தின இரவு அண்ணன் சாப்பிடப் போயிருந்த நேரத்தில்தான் என் மூளை வேலை செய்தது. தோட்டத்துக்காரர்களுக்கு ரப்பர் பால் சகலத்துக்கும் மருந்து. வாளி ஓட்டையானால் பால், செருப்பு பிய்ந்தால் பால், கூரை ஒழுகினால் துணியில் நனைத்த பால். ரேடியேட்டர் மட்டும் என்ன, அதுவும் ஓட்டைதானே? ஸ்டோரிலிருந்து ஒரு குவளை மொண்டு வந்து உள்ளே ஊற்றினேன். சிறிது நேரத்தில் ஒழுக்கு நின்றுவிட்டது. அண்ணனிடம் உடனே சொல்லவில்லை. சிரம்பான் வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகாமல் போய்ச் சேர்ந்த பிறகு, "எப்படிடா?" என்று அவர் கேட்க வேண்டும், நான் மீசையை முறுக்க வேண்டும். அப்போது எனக்கு மீசைகூடச் சரியாக இல்லை.

ரப்பர் பால் சூட்டில் உறையும் என்பதை, தினமும் பால் காய்ச்சும் என் மனைவியிடம் கேட்டிருந்தாலும் ஏதாவது சொல்லியிருப்பாள்.

பின்னால் பதினான்கு பேரும் நானும் இரண்டு டின் தண்ணீரும். முன்னால் அண்ணனும் துப்பாக்கியோடு ஒரு சிப்பாயும். பாதி வழியில் ஒரு மேட்டில் ஏறும்போது இஞ்சின் முனகியது. பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி பீறிட்டது. வண்டி நின்றது. சிப்பாய் கீழே குதித்து, "செப்பாட்! செப்பாட்!" என்று அவசரப்படுத்திக் கத்தினான். அண்ணன் இறங்கிப் பார்த்தார். பெல்ட் இருந்தது, சுற்றியது. மேல் குழாயில் கை வைத்தவர் சுட்டுக்கொண்டு இழுத்தார். அடிக் குழாயில் கை வைத்தார். அங்கேயே வைத்திருந்தார்.

அப்போதுதான் பெருமாள் மேலிருந்து குனிந்து சொன்னான்: "மெதுவாப் பாருண்ணே. எங்க யாருக்கும் ஒண்ணும் அவசரமில்ல."

பதினான்கு பேரும் சிரித்தார்கள். சிப்பாய்க்குப் புரியவில்லை என்பதால் இன்னும் சிரித்தார்கள். ரப்பர் மரங்களுக்கு நடுவே அந்தச் சிரிப்பு போய் மோதித் திரும்பி வந்தது. இன்றைக்கும் எங்காவது ஒரு வண்டி ஆவி விட்டு நின்றால் எனக்கு அந்தச் சிரிப்பு கேட்கிறது. லோபாக்கிலும் கேட்டது.

அண்ணன் அடிக் குழாயைக் கழற்றினார். தண்ணீர் வரவில்லை. ஒரு கம்பியை வளைத்து உள்ளே விட்டு இழுத்தார். முழங்கை நீளத்துக்கு வெள்ளையாக, வழவழவென்று, கட்டிப்பால் வந்தது. அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ரப்பர் பால் தானாக ரேடியேட்டருக்குள் போகாது என்று சிப்பாய்க்கும் தெரியும். வண்டியை வேண்டுமென்றே கெடுத்தவனை அவர்கள் என்ன செய்வார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

சிப்பாய் சுற்றி வருவதற்குள் அண்ணன் அதைச் சுருட்டிக் கால்சட்டைப் பைக்குள் திணித்துவிட்டார். ஆவி பறந்துகொண்டிருந்த சாமான் அது. தொடையில் வெந்த தழும்பு கடைசிவரை இருந்தது. "ஆயர் கோத்தோர், துவான்" என்றார். தண்ணீர் அழுக்கு என்றார். டின்னின் அடியில் படிந்திருந்த ஆற்றுச் சேற்றைக் கையில் பூசிக் காட்டினார். சிப்பாய், "பகேரோ!" என்று திட்டி இரண்டு கன்னத்திலும் மாறிமாறி அறைந்தான். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். கம்பியால் குத்தினார். அடியிலிருந்து மேலாகத் தண்ணீரை ஊற்றி, மீதியிருந்த பாலைத் துண்டு துண்டாக எடுத்தார். பானெட்டைக் கழற்றிப் பின்னால் போட்டார். ஏற்றத்தில் நடக்கிற வேகம், இறக்கத்தில் இஞ்சினை அணைத்துவிட்டு உருட்டல். ஓடையைக் கண்ட இடத்திலெல்லாம் நான் டின்னோடு ஓடினேன். ரயில் புறப்படுவதற்கு முன்னால் சிரம்பான் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

பெருமாள் இறங்கும்போது என் தோளைத் தட்டினான். "கொழந்தைக்கு என் பேரை வச்சிராத. பொம்பளப் புள்ள" என்றான். பதினான்கு பேரில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள். அவன் வரவில்லை.

யுத்தம் முடிந்து, அண்ணன் லுக்குட்டில் பட்டறை போட்டு, பல வருடங்கள் கழித்துத்தான் அதைப் பற்றி ஒரே ஒருமுறை பேசினார். மதிய வெயில். வெந்து நின்ற ஒரு பிக்கப் எங்கள் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது.

"மாரி, அன்னிக்கு நீ நெஞ்சு துணிஞ்சு பாலை ஊத்துன. நான் குத்தி எடுத்துட்டேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. வண்டியைத் தடுக்கவே நான் ஊற்றியதாக அவர் நினைத்திருக்கிறார். இத்தனை வருடமும்.

"எடுக்காம விட்டிருந்தா என் தலை போயிருக்கும்ணே" என்றேன்.

"ஆமா. ஒரு தலை" என்றார் அவர். "மேல பதினாலு உக்காந்திருந்துச்சு."

அன்று இல்லாவிட்டால் மறுநாள் வேறு லோரி வந்திருக்கும் என்று நான் சொன்னேன். அவர் தலையாட்டினார். நம்பவில்லை. நானும்தான் நம்பவில்லை. எழுந்து போய் அந்த பிக்கப்பின் குழாய்களில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து, அவர் கண்ணை மூடும்போதெல்லாம் எங்கே போகிறார் என்பது எனக்குத் தெரிந்தது.

ஊரில் என்னை வீட்டில் பூனை, வெளியில் எலி என்பார்கள். என் மனைவி அதைக்கூட ஒத்துக்கொள்ள மாட்டாள், இரண்டுமே எலி என்பாள். என்னைத் தைரியசாலி என்று நினைத்த ஒரே மனிதர் தங்கராசு அண்ணன். மற்ற எல்லாப் பேச்சிலும் என்னை நானே கிண்டல் செய்துகொள்ளத் தெரிந்த எனக்கு, அந்த ஒன்றில் மட்டும் வாய் வரவில்லை.

லுக்குட் வீட்டில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். அண்ணி என்னைத் தனியே அழைத்து, ஒரு பழைய துணிப் பொட்டலத்தைக் கையில் வைத்தார். பிரித்தேன். கறுத்து, கொம்புபோல் இறுகிப்போன ரப்பர்த் துண்டு. பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்கியதே, திருஷ்டிக்கு என்று நீங்கள் எல்லோரும் நினைத்தீர்களே, அதுதான்.

"ஒங்ககிட்டயே குடுத்துரச் சொன்னாரு, தம்பி. 'மாரி செஞ்ச காரியம். நான் கெடுத்தேன். அவன்கிட்டயே இருக்கட்டும்'னாரு."

வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவருடைய தலைமாட்டில் போய் நின்றேன். கை வைத்துப் பார்க்கிற பழக்கம் எனக்கும் வந்துவிட்டது போலிருக்கிறது, அவர் நெற்றியில் வைத்தேன். சில்லென்று இருந்தது. சுற்றிலும் ஆட்கள். குனிந்து காதோடு சொல்லியிருக்கலாம், யாருக்கும் கேட்டிருக்காது. தூக்குகிறவர்கள்கூடக் கொஞ்சம் பொறுத்துத்தான் நின்றார்கள். ஒன்றும் அவசரமில்லை என்பதுபோல.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ரப்பர்த் துண்டு. இதை எழுதும்போதும் மேசைமேல் இருக்கிறது. அதோடு, வாய்விட்டுச் சொல்லாமல் வந்துவிட்ட இந்த ஒன்று:

அண்ணே, நீங்க எதையும் கெடுக்கல. நான் ஒழுக்கை அடைக்கத்தான் ஊத்துனேன்.