ஆளுக்கொரு அறையில் ஓர் ஓர்கெஸ்ட்ரா

இரண்டு ஞாயிறுக்கு முன், பூசை முடிந்து மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனபோது ஸ்டெல்லா அக்கா மறித்தார்.

"தம்பி, அந்த வீடியோவில அவர் வாசிச்சதை மட்டும் தனிய எடுத்துத் தர ஏலுமே? வாற சனிக்கிழமை நினைவுப் பூசை. வீட்டில போட்டுக் கேக்கவேணும்."

"ஓம் அக்கா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் என்றால் அக்காவின் கணவர், ஜெரோம் அண்ணன். எங்கள் ஓர்கெஸ்ட்ராவின் ஒரே செலோ வாத்தியக்காரர். மொத்தமே பதினான்கு பேர்தான் – ஆனாலும் 'சிம்பொனி' என்று பெயர் வைத்துக்கொண்டோம். யாரைக் கேட்கவேண்டும்?

கொரோனா ஊரைப் பூட்டியதும் நாங்களும் ஒன்லைனுக்குப் போனோம். ஸூமில் எல்லோரும் சேர்ந்து வாசித்துப் பார்த்தால் ஒருவர் முடிக்கும்போது மற்றவர் தொடங்குகிறார்... சந்தைக் கூச்சல். கடைசியில், ஆளுக்கொரு அறையில், காதில் தாளத்தை மட்டும் கேட்டபடி தனித்தனியாக வாசித்து, போனில் வீடியோவாகப் பதிந்து அனுப்புவது என்று முடிவானது. ஒட்டுகிற வேலை எனக்கு. தம்பலகாமத்து வயலினுக்குப் பின்னால் வயலில் யானை விரட்டும் வெடி. குசினியில் பதிந்த வயோலாவுக்குள் குக்கர் விசில். எல்லாவற்றையும் வெட்டினேன்.

செலோவை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. சுருதி சேரவே இல்லை.

காரணம் எங்கள் ஒத்திகை மண்டபத்துப் பியானோ. துறைமுகத்து உப்புக்காற்றில் அது எப்போதோ சுருதி இறங்கிவிட்டது. அதற்கேற்பக் கம்பிகளை இறக்கி வாசித்தே பழகியவர்கள் நாங்கள். வீட்டிலிருந்தபோது மற்ற எல்லோரும் போனில் இருந்த ட்யூனர் அப்பைப் பார்த்துச் சுருதி சேர்த்தார்கள். அண்ணன் மட்டும் தன் காதில் நின்ற அந்தப் பியானோவுக்குச் சேர்த்தார். பிழை அவருடையதா? அவர் எங்களோடு சேர்ந்துதான் வாசித்தார். நாங்கள்தான் அவரோடு சேரவில்லை.

ஒரு போன் கோல் எடுத்து, "அண்ணன், இன்னொருக்கா வாசியுங்கோ" என்று கேட்டிருக்கலாம். எனக்கு அவசரம். அவருடைய சத்தத்தை அணைத்துவிட்டு, அந்த இடத்தில் கீபோர்ட்டில் செலோ சத்தம் வைத்து நானே வாசித்துப் போட்டேன். படத்தில் அவர் பாட்டுக்கு வில்லை இழுத்துக்கொண்டிருந்தார். லைக்குகள் குவிந்தன. கம்ப்யூட்டரில் இடமில்லை என்று அவருடைய பதிவையும் அழித்தேன்.

வீடியோ போட்டு மூன்று கிழமையில் அண்ணனைக் கொரோனா கொண்டுபோய்விட்டது. அந்தப் பதிவு இருந்த அவருடைய போனும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை. முகம் பார்க்கப் பெட்டியைத் திறக்கவும் விடவில்லை.

தொழில்நுட்பம் எங்களைச் சேர்த்து வைத்தது என்று அந்த நாட்களில் இதே பத்திரிகைப் பத்தியில் பெருமையடித்தேனே, ஞாபகமிருக்கிறதா? நினைக்கவே கூசுகிறது.

அக்கா கேட்ட பிறகு உண்மையைச் சொல்லத்தான் நினைத்தேன். மூன்று தடவை அக்கா வீட்டுப் படலை வரை போய்த் திரும்பினேன். வெள்ளிக்கிழமை, கீபோர்ட் சத்தத்தைத் தனியே பிரித்து அனுப்பிவிட்டேன். ஆம்... நான்தான்.

நேற்று அக்காவிடமிருந்து போன் கோல்.

"கேட்டு எல்லாரும் அழுதது, தம்பி. இருவது வருஷமா பக்கத்து அறையில இருந்து கேட்டனான். அவர் இவ்வளவு சுத்தமா வாசிச்சு நான் ஒருநாளும் கேக்கேல்லை."

அக்காவுக்குப் பத்திரிகை வாசிக்கும் பழக்கம் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.