மாஸ்டரின் பங்கு எவ்வளவு

1996 மே 12, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல வீட்டில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, தேநீர் குடித்து, மேசை விரிப்பை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கி மடித்து வைத்தேன். காலைப் பூசைக்குப் போய் வந்தேன். பிறகு கத்தரிக்காய் பொரித்தேன். நான் வேலை செய்த வீடு இத்தாலியின் பலெர்மோ நகரில், லிபெர்த்தா வீதியில், மூன்றாம் மாடி. ஞாயிறு மத்தியானம் வீட்டு எசமானி சிஞ்ஞோராவின் மருமக்கள் சாப்பிட வருவார்கள். பழம் வெட்டி, கோப்பி வைத்து, கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் எனக்கு விடுமுறை.

எங்கள் உதைபந்தாட்ட அணியின் தலைவிதியும் அதுதான். பலெர்மோவில் வேலை செய்யும் வெளிநாட்டவர்களுக்காகப் பங்குச் சாமியார் ஒருவர் ஒரு சுற்றுப்போட்டி நடத்தினார். நாங்கள் தமிழர் பதினொரு பேர் இலங்கை என்ற பெயரில் ஆடியதால், எங்கள் சனம் எங்களை 'நாஷனல் டீம்' என்றது. ஆட்டம் தொடங்கும்போது மைதானத்தில் ஏழு பேர் நிற்பார்கள். மற்ற நால்வர் எங்கோ தட்டுக் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

பயிற்சியாளர் மன்னாரில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். எங்களுக்கு அவர் மாஸ்டர். நான் இருந்த அதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில், நடக்க முடியாத ஒரு வயோதிபரைப் பார்த்துக்கொண்டார். குளிப்பாட்டுவது, சவரம் செய்வது, சக்கரக் கதிரையில் வைத்துத் தள்ளுவது எல்லாம் அவர் வேலை. கிழவர் ஒரு காலத்தில் பெரிய வழக்கறிஞர். மாஸ்டரின் பெயரை அவர் மனதில் வைத்ததேயில்லை. முன்பு அங்கே வேலை செய்தவரின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். ஆகவே கிழமையில் ஆறு நாளும் மாஸ்டர் வேறு யாரோ. ஞாயிறு பின்னேரம் மட்டும் மாஸ்டர்.

கிழவர் இளமையில் ரக்பி ஆடியவர். பலெர்மோவில் ரக்பிப் பைத்தியம் பிடித்த ஒருவரைக் காண்பது, மீன் சாப்பிடாத மன்னார்க்காரரைக் காண்பது போல. குளிர்காலத்தில் இத்தாலிய தேசிய ரக்பி அணி தொலைக்காட்சியில் தோற்கும் ஒவ்வொரு முறையும் அவர் ஒரே தீர்ப்பைச் சொல்வார்: குற்றம் முழுவதும் பயிற்சியாளருடையது, விளையாடுகிறவன் சொன்னதைச் செய்கிறவன்தானே. மாஸ்டர் அதை மாடிப்படியில் எனக்குத் தமிழில் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு சித்திரை மாதத்தோடு நின்றுவிட்டது. நாங்களும் தோற்கத் தொடங்கியிருந்தோம்.

அன்று மொரீசியஸ்காரரோடு ஆட்டம். கிழவரைத் தனியே விட முடியாது என்பதால், போன இரண்டு ஞாயிறும் போலவே மாஸ்டர் அவரையும் தள்ளிக்கொண்டு வந்து, எங்கள் பக்கத்துக் கோட்டோரம் நிறுத்தியிருந்தார். இடைவேளைக்குப் பிறகு, பதினொரு பேரும் வந்து சேர்ந்ததும், நாங்கள் நன்றாகவே ஆடினோம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல். பிறகு பந்து எங்கள் நடுப்பகுதி ஆட்டக்காரனிடம் வந்தது. முன்னே வெறும் புல். ஆனால் அவன் திரும்பிப் பின்னுக்கு அடித்தான். அதை வாங்கியவனும் பின்னுக்கு அடித்தான். கடைசியில் எங்கள் கோல்காப்பாளனே பந்தைக் காலால் இன்னும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினான். அவனுக்குப் பின்னால் இருந்தது எங்கள் கோல்.

மூன்றாவது தோல்வி.

பின்னேரம் கபோச் சந்தையில் எங்கள் ஆட்களின் பலசரக்குக் கடையில் விசாரணை கூடியது. கதவைப் பாதி இறக்கிவிட்டு, அரிசி மூட்டைகளிலும் வெங்காயப் பெட்டிகளிலும் இருந்தோம். கடைக்காரர் யாழ்ப்பாணத்தவர். பந்தைத் தொட்டதில்லை, ஆனால் ஒரு ஆட்டத்தையும் தவறவிட்டதில்லை. அவர் மனைவி ஒரு பக்கத்தில் மிளகாய்த்தூள் நிறுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். மாஸ்டர் கிழவரைப் படுக்கவைத்துவிட்டு, வியர்வை காயாமல் வந்து சேர்ந்தார்.

"நான் நேரை கதைக்கிறன்," என்றார் கடைக்காரர். "மூண்டு தோல்வி. அணி பிழையோ, ஆள் பிழையோ?"

"சிஞ்ஞோராமார் பிழை," என்றார் ஒருவர். "நாலு பேர் கோப்பை கழுவேக்கை ஆர் விளையாடுறது?"

"இண்டைக்குப் பதினொரு பேரும் நிண்டவை எல்லே! நிண்டுதானே உந்தக் கூத்து. பாதிப் பிழையாவது மாஸ்டரிலை," என்றார் கடைக்காரர்.

"கால்வாசி போடுங்கோ அண்ணை," என்றார் இன்னொருவர், இறைச்சிக்கடையில் பேரம் பேசுவது போல.

"பாதி! ஒரு சதமும் குறையேலாது. வாற ஞாயிறு வேறை ஆளைப் போடுவம். மாஸ்டர் எண்டு கூப்பிடுறதையும் இண்டையோடை விடுவம்."

மாஸ்டர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அணி போவதைவிட அந்தப் பெயர் போவதுதான் அவரைத் தாக்கியது என்பது மாடிப்படி அயலவனான எனக்குத் தெரிந்தது.

கடைக்காரரின் மனைவிதான் தராசை வைத்துவிட்டுக் கோல்காப்பாளனிடம் திரும்பினார். "தம்பி, நீ சொல்லு. ஏன் பந்தைப் பின்னுக்குத் தள்ளினனீ?"

"அவர் சொன்னவர் அக்கா."

"ஆர், மாஸ்டரோ?"

"இல்லை, கிழவர். இந்தியேத்ரோ, இந்தியேத்ரோ எண்டு கத்தினவர். பின்னுக்கு எண்டுதானே சொன்னவர்."

"அவர் ஆரடா உனக்குச் சொல்ல?"

அவன் யோசித்துப் பார்த்தான். "தெரியேல்லை அக்கா. கத்தினார், செய்திட்டன்."

நடுப்பகுதி ஆட்டக்காரனும் தலையைச் சொறிந்தான். "எனக்கும் உப்பிடித்தான். வேலை வீட்டிலை ஓம் ஐயா எண்டுறமாதிரி, வாயிலை சி சிஞ்ஞோரே எண்டு வந்திட்டுது. கால் தன்ரை பாட்டிலை திரும்பீட்டுது."

ரக்பியில் பந்தைக் கையால் முன்னே எறியக் கூடாது, பின்னுக்குத்தான் கொடுக்கலாம் என்று மாஸ்டர் மெதுவாக விளக்கினார். கிழவர் மூன்று ஞாயிறும் எங்களுக்கு ரக்பி சொல்லிக்கொடுத்திருக்கிறார். எங்கள் ஆட்கள் ஆறு நாள் பழக்கத்தில் அதை அப்படியே நிறைவேற்றியிருக்கிறார்கள்.

"நல்ல நாஷனல் டீம்!" என்றார் கடைக்காரரின் மனைவி. "அந்தாள் கோல்போஸ்டைத் துடை எண்டால் துடைச்சுப்போட்டு வந்திருப்பியள்."

கடைக்காரர் விடவில்லை. "மாஸ்டருக்குத் தெரியுமெல்லே? வாயை மூடச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் அவர் வரமாட்டார்," என்றார் மாஸ்டர். "அவர் வராட்டி நானும் வரேலாது. ஞாயிறு எனக்கு லீவு இல்லை, அவரைக் கூட்டிக்கொண்டு வாறதாலைதான் விடுகினம். இஞ்சை என்னை மாஸ்டர் எண்டு கூப்பிடுற இடம் அது ஒண்டுதான். அதாலை பேசாமல் இருந்திட்டன்."

கடைக்காரர் ஒரு வெங்காயத்தை எடுத்துத் தோலை உரித்தார், பிறகு அது விற்கிற வெங்காயம் என்று நினைவு வந்து திரும்ப வைத்தார்.

"கால்வாசி," என்றார்.

"கதிரையை அங்காலை வையுங்கோவன்," என்றார் மனைவி.

"எங்கை?"

"மற்றக் கோட்டுப் பக்கம். வாற கிழமை ஆரோடை?"

"கானாக்காரரோடை."

"அவையளும் வீடுகளிலைதானே வேலை செய்யினம்?"

விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. முதலில் கோல்காப்பாளன் சிரித்தான். பிறகு கடை முழுவதும் சிரித்தது. மாஸ்டர் மட்டும், அது நியாயமான விளையாட்டு ஆகுமோ என்று உண்மையான ஆசிரியரைப் போலக் கவலைப்பட்டார். நிழல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வயோதிபரை வைப்பதில் குற்றமில்லை என்று சபை தீர்மானித்தது. மறுபக்கத்தில் ஒரு மரம் நிற்பதும் உண்மைதான்.

வெளிக்கிடும்போது கடைக்காரர் கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "குனிஞ்சு வாங்கோ மாஸ்டர், தலை பத்திரம்," என்றார். மாஸ்டர் தேவைக்கு மேலாகவே குனிந்து வந்தார்.

மறுநாள் காலை முதல் வேலையாக நான் இரண்டாம் மாடிக்கு இறங்கினேன். சக்கரக் கதிரையின் சில்லுகளில் மைதானத்துச் சேறு காய்ந்து கிடந்தது. மாஸ்டரும் நானும் கதிரையை வெளி மாடத்துக்குத் தூக்கிப்போய், ஒரு வாளி தண்ணீரோடு கழுவத் தொடங்கினோம். உள்ளே கட்டிலில் கிழவர் வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். யாரைப் பார்த்தோ, எந்த ஆட்டத்தை நினைத்தோ, அவர் உரக்க, "இந்தியேத்ரோ!" என்றார்.

மாஸ்டரும் நானும் ஒரே நேரத்தில் ஓர் அடி பின்னுக்கு வைத்தோம். வாளி கவிழ்ந்தது.