மார்கழியில் உடைத்த சுவர்

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து ஏழெட்டு வருடமாகியும் எங்கள் லயத்துக்கு ஜன்னல் வரவில்லை. கந்தப்பளைக்கு மேலே, ஒற்றை வரிசையாகப் பத்துக் காம்பரா. ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம், ஒரு கதவு, மூலையில் ஒரு அடுப்பு. புகையும் எங்களைப் போலக் கதவு வழியாகத்தான் வெளியே போகவேண்டும். கதவைத் திறந்தால் குளிர், சாத்தினால் புகை.

நான் அப்போது தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தேன். வயது இருபது, வாய் மட்டும் நாற்பது என்பார் என் மாமியார். என் மகளுக்கு எட்டு மாதம். பகலில் அவளைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போவேன். அங்கே தொட்டிலில் நன்றாகத்தான் கிடப்பாள். சாயங்காலம் வீட்டுக்குத் தூக்கி வந்து அடுப்பு மூட்டியதும் இருமல் ஆரம்பித்துவிடும். இருமி இருமி முகம் சிவந்து, அழுவதற்குக்கூட மூச்சில்லாமல் என்னையே பார்ப்பாள். தோட்டத்து டாக்டரையாவும் மருந்து கொடுத்து அலுத்துப்போனார். "மருந்த நான் குடுக்கலாம், பொகைய யாரு எடுக்கிறது?" என்று ஒருநாள் என்னிடமே கேட்டார்.

தோட்டத்துத் துரையிடமும் அவர் இதையே கேட்டிருக்க வேண்டும். ஒரு காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில், எங்களை வேலைக்குப் பிரிப்பதற்கு முன், துரைக்குக் கீழே மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையா அறிவித்தார்: ஒவ்வொரு காம்பராவுக்கும் பின்சுவரில் ஒரு ஜன்னல் வைக்கப்போகிறார்கள், நாளைக்கே சுவர் வேலைக்கு மேசன் பாஸ் வருகிறார். எனக்குக் கூடையோடு குதிக்கலாம் போலிருந்தது. சுற்றிப் பார்த்தால் ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை. மார்கழி பிறந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.

மார்கழியில் யாராவது வீட்டில் கை வைப்பார்களா? சுவரில் ஆணி அடிக்கவே யோசிக்கிற மாதம். எங்கள் கங்காணி முன்னால் போய், "தை பொறக்கட்டுங்க ஐயா, பாத்துக்கலாம்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு வந்தார். பாஸ் தை வரைக்கும் காத்திருப்பாரா என்ன? அடுத்த தோட்டத்திலும் அவருக்கு வேலை இருந்தது. இப்போது விட்டால் திரும்ப எப்போது வருவார் என்று கண்டாக்கையாவுக்கே தெரியாது. "அம்மா என்ன சொல்றாங்களோ" என்று என் வீட்டுக்காரர் வழக்கம்போல நழுவினார்.

மறுநாள் பாஸ் உளியும் சுத்தியலும் மரச்சட்டங்களுமாக வந்து இறங்கினார். சிங்களவர், நல்ல மனிதர், வாய் நிறைய வெற்றிலை. முதல் ஒன்பது வீட்டிலும் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். கடைசிக் காம்பரா எங்களுடையது. பிள்ளைக்குச் சுகமில்லையென்று நான் அன்று வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், மாமியார் சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நிற்கிறார்.

"மார்கழியில செவுத்த ஒடச்சா வீட்டுக்கு ஆகாது. நான் விடமாட்டேன்."

"வேணுமா, வேணாமா?" என்று பாஸ் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். உள்ளே மகள் இருமினாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் கோபத்துக்கெல்லாம் மசிகிறவர் இல்லை என் மாமியார்.

"அத்தை, இந்த வீடு யாரு வீடு?"

"என்னடி கேள்வி இது? நம்ம வீடு."

"போன மாசம் ஒழுகுதுன்னு நாமளே ஒரு தகரத்த மாத்துனோமே, அப்ப கண்டாக்கையா என்ன சொன்னாரு?"

"தொரை வீடு, கேக்காம கை வைக்கக்கூடாதுன்னாரு."

"அப்ப, வீட்டுக்கு ஆகாதது வந்தா யாருக்கு வரும்?"

மாமியார் யோசித்தார். மலை உச்சியில் துரை பங்களா இருக்கும் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"பாவம், அந்த மனுசனுக்கு மார்கழியின்னா என்னன்னே தெரியாதே."

"தெரியாதவங்கள ஒன்னும் செய்யாது அத்தை."

விரித்த கைகள் மெல்ல இறங்கின. "ஒடைங்க பாஸ்" என்றார்.

மத்தியானத்துக்குள் இந்த நியாயம் லயம் முழுக்கப் பரவிவிட்டது. தொரை வீடுதானே, தொரை பாடு என்று ஒவ்வொரு கதவாகப் பாஸைக் கூப்பிட்டார்கள். கங்காணி மட்டும் ஒருநாள் வீறாப்பாக இருந்துவிட்டு, தன் வீட்டு ஜன்னல் மற்றதைவிட அரைச்சாண் அகலமாக வேண்டுமென்று கேட்டார்.

சட்டம் பொருத்தி முடிந்ததும் வெயில் உள்ளே வந்து எதிர்ச்சுவரில் விழுந்தது. அதில் அப்பியிருந்த கரியைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. இதையா என் பிள்ளை மூச்சில் இழுத்துக்கொண்டிருந்தாள்? அன்று மாலையே தேய்த்துக் கழுவினேன். மாமியார் குளிருக்குப் பயந்து ஜன்னலில் ஒரு படங்குச் சாக்கைத் தொங்கவிட்டார். மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டினேன். நாலாம் நாள் அவரே கழற்றிவிட்டார். பின்பக்கந்தான் பெரட்டுக்குப் போகும் பாதை. யார் பிந்திப் போகிறார்கள், யாருக்கு யாரோடு பேச்சில்லை என்பதெல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே தெரிகிறதென்று கண்டுபிடித்திருந்தார்.

மகளின் இருமல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைந்தது. பொங்கலன்று நான் அடுப்பில் பானையை ஏற்றினேன். புகை எழும்பி, ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே போனது. பாயில் உட்கார்ந்திருந்த மகள் அதை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். இருமவில்லை. நான் அகப்பையைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாமியார் மஞ்சளைக் குழைத்து எடுத்துவந்து, ஜன்னல் சட்டத்தின் நாலு மூலையிலும் பூசிக் குங்குமம் வைத்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"தொரை வீட்டுக்கு எதுக்கு அத்தை பொட்டு?"

"வீடு தொரையோடதா இருந்துட்டுப் போகட்டும்," என்றார் அவர், பேத்தியைத் தூக்கி ஜன்னலோரம் வைத்துக்கொண்டு. "ஜன்னல் நம்மளுது."