அம்பது கேபி அக்கா

முப்பத்தொன்பது வயது, பதினோரு மாதம். நாற்பது முடிந்துவிட்டால் மலர்கொடி இந்த வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. அரியலூரில் அலுவலக உதவியாளர் வேலை. கடைசி நாள் இன்று; மாலை ஐந்தே முக்காலுக்கு இணையதளம் மூடிவிடும்.

ஆண்டிமடம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே குருமூர்த்தியின் ஜெராக்ஸ் கடையில் மலர்கொடிக்குப் பன்னிரண்டு வருட வேலை. விண்ணப்பப் படம் ஐம்பது கேபிக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். ஜனங்களோ போனில் எடுத்த ஐந்து எம்பி படத்தை நீட்டுவார்கள். முகம் கெடாமல் அதைச் சுருக்கித் தருவதில் மலர்கொடியை அடித்துக்கொள்ள ஆளில்லை. 'அம்பது கேபி அக்கா' என்றால் தா.பழூர் வரை தெரியும். எல்லோரிடமும் அவர் சொல்வது ஒன்றுதான்: "வெறும் சுவத்து முன்னால, பூப்போடாத துணியில எடுத்துட்டு வாங்க. பூவும் சரிகையும் இருந்தா ஃபைலு கனத்துப் போவும்."

அன்று நாலரை மணிவரை அடுத்தவர் விண்ணப்பங்களையே போட்டுக்கொண்டிருந்தவர், ஒருவழியாகத் தன் பென் டிரைவைச் செருகினார். படம் திறந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

பின்னால் அருவி. அருவிக்கு மேல் வானவில். நடுவில் மலர்கொடி, உடம்பெல்லாம் சரிகை மின்னும் பட்டுச் சேலையில், தலையில் இரண்டு முழம் கனகாம்பரத்தோடு.

"என்னக்கா, வேலைக்குப் போறியா, பொண்ணு பாக்க வராங்களா?" என்றாள் வரிசையில் முதலில் நின்ற கல்லூரி மாணவி ஆர்த்தி.

"போடி! ஊரு மூஞ்சியெல்லாம் நான்தான் சுருக்குறேன். எம் மூஞ்சி ஒரு தடவயாவது அழகா இருக்கட்டுமேன்னு காலையில செயங்கொண்டம் ஸ்டுடியோவுக்குப் போனேன். அதே சேலயும் பூவுமா நேரா கடைக்கு வந்துட்டேன்."

சுருக்கினார். எண்பத்தெட்டு கேபி. இன்னும் அழுத்தினார். நாற்பத்தொன்பது, ஆனால் முகம் லுங்கி மாதிரி கட்டம் கட்டமாகிவிட்டது. 'முகம் தெளிவாக இல்லை' என்று இணையதளம் திருப்பி அனுப்பியது. பின்னணியை அழிக்கும் செயலியில் போட்டார். அது அருவியோடு வலது காதையும் அழித்தது.

"ஒத்தக் காதுக்குப் பாதிச் சம்பளந்தான் குடுப்பாங்க" என்றார் குருமூர்த்தி.

"நீங்க ரெண்டு காதுக்கே அதத்தான குடுக்குறீங்க!"

கடை அதிர்ந்தது. மணி ஐந்து பத்து. புதிதாக எடுக்கலாம் என்றால், கடைச் சுவரில் உள்ளங்கை அளவுகூட வெறும் இடம் இல்லை. அத்தனையும் தேர்வு அறிவிப்புகள், மலர்கொடியே ஒட்டியவை. வெளிச் சுவரெல்லாம் கட்சி விளம்பரம்.

மகளின் நிச்சயதார்த்தப் பத்திரிகையை நகலெடுக்க வந்திருந்த முந்திரிக் கொல்லைக்காரர் செல்லதுரை, பையிலிருந்து புது வேட்டியை எடுத்து உதறினார்.

"சம்பந்திக்கு வாங்குனதும்மா. பிரிச்சா என்ன, கரைஞ்சா போயிரும்?"

கடை வாசலில் இரண்டு பேர் வேட்டியைத் திரைபோல விரித்துப் பிடித்தார்கள். ஆர்த்தி தன் நீலத் துப்பட்டாவைக் கழற்றி மலர்கொடியின் சரிகை தெரியாமல் போர்த்தினாள்.

"பூவ எடுக்கா."

"பூ என்னாடி பாவம் பண்ணிச்சு?"

"அது அஞ்சு கேபி!"

பூ போனது. ஆனால் சிரிப்பு போகவில்லை. பல் தெரியக் கூடாது என்பது விதி. முதல் படத்தில் முப்பத்திரண்டும் தெரிந்தன. மூன்றாவதில், போன பஸ்ஸின் காற்றில் வேட்டி பறந்து செல்லதுரையின் தொப்பை பின்னணியானது. ஏழாவதில் படமெடுத்த ஆர்த்தியே சிரித்துக் கையை ஆட்டிவிட்டாள்.

"அஞ்சு முப்பத்தாறு!" என்று குருமூர்த்தி கத்தினார்.

மலர்கொடியின் சிரிப்பு சட்டென்று நின்றது. ஆர்த்தி அழுத்தினாள்.

மலர்கொடி அவசரத்தில் ஒரேயடியாகச் சுருக்கினார். பத்தொன்பது கேபி. இருபதுக்குக் குறையக் கூடாது என்றது இணையதளம். அன்றாடம் பார்க்கும் விதியைத் தானே மறந்ததற்குத் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி போட்டார். நாற்பத்தொன்று. பதிவேற்றினார். சக்கரம் சுற்றியது, சுற்றியது, நின்றது. ஐந்து நாற்பத்திரண்டுக்கு விண்ணப்ப எண் வந்தது. யாரோ விசிலடித்தார்கள். செல்லதுரை வேட்டியை மடிப்புக் குலையாமல் மடிக்கப் பார்த்து, முடியாமல் சுருட்டிப் பையில் திணித்தார்.

தேர்வு ஜனவரி பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணி பஸ்ஸில் மலர்கொடி அரியலூர் போகிறார்.